கடைசித் தவணைக்குப் பின் வரும் இரண்டு வாரங்கள்

கதிர்வீச்சுச் சிகிச்சையின் கடைசித் தவணை முடிகின்ற நாள் நோயாளியின் குடும்பத்திற்கு ஒரு நல்ல நாள். புதுச்சேரி ஜிப்மரிலோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ, வேலூரிலோ வாரக்கணக்கில் தங்கி, வாடகை அறையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் பாத்திரங்களையும் மருந்துப் பையையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். எல்லாம் முடிந்துவிட்டது என்று உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்படுகிறது. தோலுக்கு மட்டும் அன்று எதுவும் முடிவதில்லை. சிகிச்சை பெற்ற இடத்துத் தோல் மிகவும் துன்புறும் நாள்கள் பெரும்பாலும் அந்தக் கடைசித் தவணைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களில்தான் வருகின்றன.

எங்கள் மருத்துவமனையில் கதிர்வீச்சுக் கருவி கிடையாது. வெளியூரில் அச்சிகிச்சையைப் பெற்றுத் திரும்பியோருக்குப் புண் கட்டுவதும், வலிக்கு மருந்து கொடுப்பதும், அச்சத்திற்கு விடை சொல்வதும் எங்கள் பணி. கம்மாபுரம், ஊ.மங்கலம், மந்தாரக்குப்பம் பகுதிகளிலிருந்து வருவோர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி ஏறக்குறைய ஒன்றே: "முடிஞ்ச பிறகு ஏன் இப்படி ஆகுது? அங்கே ஏதாவது தப்பு நடந்துபோச்சா?" தவறு எதுவும் நடக்கவில்லை என்பதே பெரும்பாலும் எங்கள் விடை. இந்த நாள்கள் வரும் என்று முன்னரே தெரிந்திருந்தால் பாதி அச்சம் குறைந்திருக்கும். இக்கட்டுரையை எழுதுவதன் காரணமும் அதுவே.

"கரண்ட்" என்னும் சொல்

நம் பகுதியில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிறார்கள்", "முப்பது கரண்ட் முடிந்தது" என்றே சொல்கின்றனர். பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதே தொழிலாகக் கொண்ட நகரியத்தின் அருகில் வாழும் நமக்கு அந்தச் சொல் வேறு எவருக்கும் இல்லாத கனத்தோடு வந்து சேர்கிறது. மின்சாரம் தாக்கிய உடலைக் கண்டவர்களும் கேள்விப்பட்டவர்களும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆகவே தோல் கறுத்து உரியத் தொடங்கியதும், உள்ளே சதையும் வெந்துவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. பாய்வது கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் மிகுந்த கதிர். அது சூட்டினால் எரிப்பதும் இல்லை. உயிரணுக்களின் உள்ளிருக்கும் மரபுப் பொருளை உடைத்து, அவை மேலும் பெருகாதபடி செய்கிறது. புற்றணுக்கள் அந்த உடைப்பைச் சரிசெய்துகொள்ளத் திறன் குறைந்தவை. நல்ல அணுக்கள் பெருமளவு தேறிவிடும். இந்த வேறுபாட்டை நம்பியே சிகிச்சை சிறுசிறு தவணைகளாகப் பிரித்துத் தரப்படுகிறது.

இதனால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, தீக்காயத்திற்கு வீட்டில் செய்யும் பண்டுவங்கள் எவையும் இதற்கு உதவா. பற்பசை, மாவு, மை, பனிக்கட்டி ஆகிய அனைத்தையும் நாங்கள் நோயாளிகளின் தோலில் கண்டிருக்கிறோம். அவற்றைக் கழுவி எடுப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாகிவிடுகிறது. மற்றொன்று, வெளியிலிருந்து கருவி மூலம் கதிர் பெற்றவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே பாயில் படுக்கலாம். அவர் உண்ட தட்டை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் அருந்தியவர்களுக்கு மட்டும் சில நாள் விலகல் விதிகள் உண்டு. அவற்றை அந்த மருத்துவமனையே எழுதிக் கொடுத்துவிடும்.

ஏன் தாமதமாக வருகிறது?

நம் மேல்தோல் நின்ற இடத்தில் நிற்பதன்று. அதன் அடியில் உள்ள அணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிய அணுக்களைத் தந்துகொண்டிருக்கின்றன. அவை மெல்ல மேலே வந்து, காய்ந்து, குளிக்கும்போதும் உடுத்தும்போதும் உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணத்திற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். கதிர் தாக்குவது அடியில் உள்ள அந்த உற்பத்தி அணுக்களை. முதல் நாள்களில் மேலே பழைய தோல் அப்படியே இருப்பதால் எதுவும் தெரிவதில்லை. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மேல் தோல் வழக்கம்போல் உதிரும்போது, அதன் இடத்தை நிரப்ப அடியிலிருந்து போதிய சரக்கு வருவதில்லை. அதனால்தான் வறட்சியும் உரிதலும் புண்ணும் காலந்தாழ்ந்து தலைகாட்டுகின்றன. சிகிச்சை நின்ற பின்னும் சில நாள்கள் கூடிக்கொண்டே போகின்றன.

இந்தத் தாமதம் கதிரியக்கத்தைக் கண்டறிந்தவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. 1901-ஆம் ஆண்டில் ஆன்றி பெக்கரல் ரேடியம் அடைத்த சிறு குழாய் ஒன்றைத் தம் மேலங்கிப் பையில் வைத்திருந்தார். அப்போது அவருக்கு எதுவும் தெரியவில்லை; பல நாள்களுக்குப் பிறகே அந்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாயிற்று. பியேர் கியூரி தம் கையிலேயே பத்து மணி நேரம் ரேடியத்தை வைத்துச் சோதித்தார். அந்தப் புண் ஐம்பது நாள்களைக் கடந்தும் முழுமையாக ஆறவில்லை. தோலின் இந்த இயல்பு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ உலகிற்குத் தெரியும். நோயாளிக்குத்தான் அது தெரிவிக்கப்படாமல் போகிறது.

சிகிச்சையின் காலம் சுருங்கி வருவதும் இதை மேலும் முக்கியமாக்கிவிட்டது. மார்பகப் புற்றுக்கு முன்பெல்லாம் 25 தவணைகள், ஐந்து வாரங்கள். 15 தவணைகளில் மூன்று வாரத்திற்குள் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்பதைக் காட்டும் பிரிட்டானிய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. தகுந்தவர்களுக்கு ஐந்தே தவணைகளில், ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று 2020-இல் மற்றோர் ஆய்வு சொன்னது. இத்தகைய குறுகிய முறைகளில் தோல் பாதிப்பும் பொதுவாகக் குறைவே. அறை வாடகைக்கும் பேருந்துக்கும் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு இது பெரும் விடுதலை. ஆயினும் தோல் தன் பழைய கணக்கிலேயே நடப்பதால், நோயாளி ஊர் வந்து சேர்ந்த பிறகு, செவிலியரின் தினசரிப் பார்வை இல்லாத நேரத்தில், அது கறுக்கவும் உரியவும் தொடங்குகிறது.

பெரியவர்கள் சொல்லும் பழைய கதைகளைப் பற்றியும் ஒரு சொல். "அந்தக் காலத்தில் எங்கள் பெரியம்மாவுக்குக் கரண்ட் வைத்து நெஞ்சே வெந்துபோனது" என்று கேட்டிருப்பீர்கள். அதில் பொய் இல்லை. பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர் தன் முழு வலிமையையும் தோலின் மேற்பரப்பிலேயே செலுத்தியது. கோபால்ட் கருவி வந்தபின் உச்ச அளவு தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே இறங்கியது. இன்று பரவலாக உள்ள நேரியல் முடுக்கிகளில் 60 இலட்சம் வோல்ட் கதிருக்கு அது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் விழுகிறது. தோலும் அதனால் அந்த அளவுக்குத் தப்புகிறது. புற்று தோலை ஒட்டி இருந்தால் மட்டும் தோலுக்கும் வேண்டுமென்றே முழு அளவு கொடுக்க நேரும்.

நம் தோலில் அது எப்படித் தோன்றும்?

மருத்துவ நூல்கள் பலவற்றில் முதல் அறிகுறி "இளஞ்சிவப்பு" என்று எழுதப்பட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட சொல். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கறுத்தல்தான் முதலில் தெரியும். அதற்கும் முன்பே அந்த இடம் தொட்டால் சூடாக இருக்கும், சற்றுப் பளபளக்கும், இறுக்கமாக இழுக்கும், அரிக்கும். எனவே "சிவப்பு இல்லையே" என்று நோயாளியும் சொல்லாமல், பார்ப்பவரும் கவனிக்காமல் ஒரு வாரம் கழிந்துவிடுகிறது. பராமரிப்பவர்கள் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கத் தோலோடு ஒப்பிடுங்கள்.

அதன்பின் தோல் தவிடு போல் உதிரலாம். பலருக்கு இதோடு நின்றுவிடும். சிலருக்குத் தோல் உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாக ஈரம் கசியும் புண் ஏற்படும். தோலோடு தோல் உரசும் மடிப்புகளில் இது மிகுதி: அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு, பிட்ட இடைவெளி. பருத்த உடல், நீரிழிவு, புகைப்பழக்கம், உடன் நடக்கும் மருந்துச் சிகிச்சை ஆகியவை இதைக் கூட்டும். கசிகின்ற மஞ்சள் நிற நீரைக் கண்டு சீழ் என்று பலர் கலங்குகின்றனர். நாற்றமும் காய்ச்சலும் இல்லாமல், தெளிவாகக் கசிந்தால் பெரும்பாலும் அது சீழன்று.

உச்சத்தைத் தொட்டபின் ஓரங்களிலிருந்தும் நடுவில் ஆங்காங்கே தீவுகள் போலவும் புதுத்தோல் எழும். பெரும்பாலோருக்குக் கடைசித் தவணைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களில் புண் மூடிவிடும். கறுப்பு மட்டும் பல மாதங்கள் நிற்கும். அதைப் போக்குகிறோம் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வெளுப்புக் களிம்புகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றில் பலவும் அந்த மெல்லிய தோலை மேலும் மெலியச் செய்பவை.

குளியல், துணி, தாலிக்கயிறு

"கரண்ட் வைத்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது" என்னும் நம்பிக்கை நம் பகுதியில் ஆழமாக வேரூன்றியுள்ளது. வியர்வையும் இறந்த தோலும் நாள்கணக்கில் தங்கினால் அரிப்பும் கிருமியும் பெருகும். வெதுவெதுப்பான நீரும் மணமில்லாத மென்மையான சோப்பும் கொண்டு கழுவுவது தீங்கு செய்வதில்லை என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டது. தேய்க்காமல், நார் போடாமல், கையால் மட்டும் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் காலத்தில் தோலில் வரைந்த கோடுகள் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழிந்துவிட்டால் நீங்களே பேனாவால் வரைய வேண்டாம்.

பிறகு மணமில்லாத ஈரப்பதக் களிம்பை மெல்லிய பூச்சாகத் தடவலாம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளைச் சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவர் எழுதித் தந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். தோல் புண்ணாவதை அவை குறைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் உரிந்து கசியும் இடத்தில் அவை கூடா.

மஞ்சளைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. அமெரிக்காவில் மஞ்சளின் சாரமான குர்குமினை மார்பகப் புற்று நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தனர். 2013-இல் வெளியான 30 பேர் கொண்ட சிறு ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. பிறகு அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு செய்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் காணப்படவில்லை. குழம்பில் இருக்கும் மஞ்சளுக்கு எந்தத் தடையும் இல்லை. அரைத்த மஞ்சளைப் புண்ணில் அப்புவதற்கு மட்டும் நாங்கள் உடன்பட மாட்டோம். அது காய்ந்து ஓடாகி, எடுக்கும்போது புதுத்தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். சோற்றுக் கற்றாழை குளிர்ச்சி தரும் என்பது உண்மை. புண் வராமல் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஊதா நிற ஜென்ஷன் வயலட் மருந்தைச் சில இடங்களில் இன்றும் பூசுகின்றனர். அது புண்ணை உலர்த்தி இறுக்குகிறது. ஈரம் காக்கும் கட்டுகளில் ஆறுவதைப் போல் அதில் ஆறுவதில்லை.

கசியும் புண்ணைக் கழுவ, அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிக் கலந்தால் போதும். அன்றன்று புதிதாகச் செய்யுங்கள். ஒட்டாத வலைத்துணியை வைத்து, அதன்மேல் பஞ்சுத் துணி வைத்து, மெல்லிய துணியால் சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்திரியைச் சிகிச்சை பெற்ற தோலில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், உப்பு நீரை ஊற்றி ஊறவிட்டு எடுங்கள்.

உடையில்தான் பெரும்பாலான துன்பம் இருக்கிறது. மார்பகச் சிகிச்சை பெற்ற பெண்கள் இறுக்கமான இரவிக்கையையும் உள்ளாடையையும் சில வாரங்கள் ஒதுக்கிவைத்து, தோய்த்துத் தோய்த்து மென்மையான பழைய பருத்தி நைட்டியையோ, கணவரின் பனியனையோ அணியலாம். வீட்டிற்கு ஆள் வந்தால் மேலே ஒரு துண்டு போதும். கழுத்தில் சிகிச்சை பெற்ற ஆண்களுக்குச் சட்டைக் காலர், தோளில் போடும் முரட்டுத் துண்டு, சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, தலைக்கவசத்தின் வார் எல்லாமே பகை. சவரக்கத்தியை வைத்துவிட்டு மின்சவரக் கருவியைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் தாடியை வளரவிடுங்கள்.

தாலிக்கயிற்றைப் பற்றி எழுத நாங்கள் தயங்கவில்லை, ஏனெனில் எங்களிடம் வரும் பெண்களில் பலர் அதைப் பற்றிக் கேட்கத் தயங்குகின்றனர். மஞ்சள் கயிறானாலும் சங்கிலியானாலும், கழுத்திலும் மார்பிலும் உரிந்த தோலின்மேல் அது அறுத்துக்கொண்டே இருக்கும். கழற்றச் சொன்னால் கண் கலங்குவோரும், மாமியார் என்ன சொல்வாரோ என்று அஞ்சுவோரும் உண்டு. சிலர் அதைத் துணியில் சுற்றி இடுப்பில் முடிந்துகொள்கின்றனர். சிலர் சாமி படத்தின் கீழ் வைத்து விளக்கேற்றுகின்றனர். எதைச் செய்வது என்பது அவர்கள் முடிவு. ஆனால் அந்த முடிவின் சுமையை நோயுற்ற பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றாமல், "கழற்றி வை, உடம்பு ஆறட்டும்" என்ற சொல்லை வீட்டுப் பெரியவரோ கணவரோ முதலில் சொன்னால், நாங்கள் கொடுக்கும் எந்த மருந்துக்கும் அது குறைந்ததன்று.

முந்திரிக்கொட்டை உடைக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டின் எண்ணெய் நல்ல தோலையே கறுக்கவைத்து உரிக்கும் என்பது உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். சிகிச்சை பெற்றவர் புண் முழுதும் ஆறும்வரை அந்த வேலையில் அமர வேண்டாம். வீட்டில் வேறு யாராவது உடைப்பவராக இருந்தால், நன்றாகச் சோப்பிட்டுக் கைகழுவி, உடை மாற்றிய பிறகே கட்டைத் தொட வேண்டும்.

இடுப்புக்குக் கீழ் சிகிச்சை பெற்றவர்களின் துன்பம் பேசப்படாமலேயே போகிறது. தமிழ்நாட்டுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுகளில் கருப்பை வாய்ப் புற்றும் ஒன்று. அதற்குக் கதிர் பெற்ற பெண்கள், சிறுநீர் படும்போது உண்டாகும் எரிச்சலைக் கணவரிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை; அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீர் அடர்ந்து எரிச்சல் இரட்டிப்பாகிறது. சிறுநீர் கழிக்கும்போதே ஒரு செம்பு வெதுவெதுப்பான நீரை அந்த இடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் வெகுவாகக் குறையும். பிளாஸ்டிக் உறை கொண்ட நாப்கின்களை விடுத்துத் தூய பருத்தித் துணியைப் பயன்படுத்துங்கள். வீட்டில் தனிமை கிடைக்கும் வேளையில் சற்றுக் காற்றுப்பட விடுங்கள்.

உணவிலும் ஒரு தடை உடைபட வேண்டும். புண் என்றதும் பருப்பு, முட்டை, மீன், கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் பத்தியம் நம்மிடையே உண்டு. புதுத்தோல் கட்டப்படுவது புரதத்தால். பருப்பு சீழைக் கொண்டுவருவதில்லை. உண்ண முடிந்தவர்களுக்கு அவை அனைத்தும் வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வது பற்றி

பொறுத்துக்கொள்வதை நம் மக்கள் ஒரு பெருமையாகக் கொள்கின்றனர். "இந்த நோய்க்கு இதுகூட இல்லாமலா" என்று சொல்லிப் பல்லைக் கடிப்போரை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. வலி தாங்காமல் உறக்கம் கெடுகிறது, உணவு இறங்குவதில்லை. கடைசியில் சிகிச்சையின் நடுவிலேயே "போதும்" என்று எழுந்து வந்துவிடுகின்றனர். தலை, கழுத்துப் புற்றிலும் கருப்பை வாய்ப் புற்றிலும் சிகிச்சைக் காலம் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்று மருத்துவ உலகம் கணக்கிட்டுள்ளது. பத்து நாள் வீட்டில் இருந்து புண் ஆறியபின் போகலாம் என்பது வெளிப்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். உள்ளே புற்றுக்கு அது பத்து நாள் ஓய்வு. இடைவெளி வேண்டுமா என்பதை அங்குள்ள மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். வலியைக் குறைத்துக்கொண்டு தவணையைத் தொடர்வதே பெரும்பாலும் சரியான வழி.

வலியைச் சொல்லும்போது அதன் தன்மையையும் சொல்லுங்கள். காந்தல் என்றால் ஒன்று, அரிப்பு என்றால் வேறு, சுருக்கென்று வந்து மறையும் குத்தல் என்றால் இன்னொன்று. மார்பகச் சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் வரை நொடிப்பொழுது குத்திவிட்டு மறையும் வலி பலருக்கும் வரும். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி உறக்கம் இழக்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது சொன்னால் போதும். அளவைச் சொல்லத் தெரியாதவர்களிடம் நாங்கள், "ஒரு ரூபாயில் எத்தனை பைசா வலி?" என்று கேட்கிறோம். எண்பது பைசா என்றவர் மறுநாள் முப்பது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

முதல் மருந்து பாரசிட்டமால். வலி வந்தபின் தேடாமல், மருத்துவர் சொன்ன அளவில் வேளை தவறாமல் எடுத்தால் அதன் பலன் வேறு. கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்பு ஒரு வேளை மருந்து விழும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கதிரோடு சேர்த்துச் சிஸ்பிளாட்டின் ஊசி போட்டுக்கொண்டவர்கள், மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கவே கூடாது. சிறுநீரகத்திற்கு அது இரட்டை அடி.

இவற்றுக்கு அடங்காத வலிக்கு மார்பின் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பம் பின்வாங்குகிறது. மார்பின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்றோ, அடிமையாகிவிடுவார் என்றோ எண்ணுகின்றனர். இரண்டும் சரியன்று. தொண்டைப் புற்றுக்குக் கதிர் பெற்று, வாய்க்குள்ளும் புண்ணாகி, எச்சில் விழுங்கவே அழும் ஒருவர் சில வாரங்கள் மார்பின் எடுத்து, சோறு உண்டு, தவணைகளை முடித்து, பிறகு மெல்ல மெல்ல அதைக் குறைத்து நிறுத்திவிடுகிறார். இதை நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அம்மருந்து நோயாளிகளைச் சென்றடைவதற்குத் தடையாக இருந்த சட்ட நடைமுறைகளை 2014-இல் நாடாளுமன்றமே எளிதாக்கியது. அதனோடு மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். வாய்ப்புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து நாளொன்றுக்குப் பலமுறை கொப்பளிக்கலாம்.

பராமரிப்பவரின் வலியை அளக்க எங்களிடம் பைசாக் கணக்கு இல்லை. நாள்தோறும் கட்டை அவிழ்ப்பவர், முனகலைக் கேட்பவர், இரவில் விசிறுபவர் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறார். கட்டு மாற்றும் வேலையை வீட்டில் இரண்டாவது ஆள் ஒருவரும் கற்றுக்கொள்ளட்டும்; அவரையும் ஒரு முறை எங்களிடம் அழைத்து வாருங்கள், சொல்லித் தருகிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புக் கவனிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆறிய பிறகு

புண் மூடியபின்னும் அந்தத் தோல் பழைய தோலன்று. வெயிலை அது எளிதில் தாங்காது. கத்திரி வெயிலில் களத்து வேலைக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ செல்லும்போது பருத்தித் துணியால் மூடுங்கள், குடை பிடியுங்கள். இது சில மாதங்களுக்கு மட்டுமன்று, என்றைக்குமே. மாதங்கள் கழித்துத் தோல் தடித்து இறுகலாம், சிறு இரத்தக் குழாய்கள் சிலந்தி வலை போல் தெரியலாம். தோளும் கழுத்தும் இறுகாமல் இருக்க, கையைச் சுவரில் ஊர்த்தி மேலே கொண்டுபோகும் பயிற்சியையும் கழுத்தைத் திருப்பும் பயிற்சியையும் வலி தணிந்த நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள். ஆறிய இடத்தில் பிறகு புதிதாகப் புண் வந்து ஆறாமல் நின்றால், களிம்பு போட்டுக்கொண்டு காத்திராமல் காட்டுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், நாற்றத்தோடு வரும் சீழ், கட்டைத் தாண்டிப் பரவும் சூடும் வீக்கமும், நிற்காத இரத்தக் கசிவு, தண்ணீரும் இறங்காத தொண்டை. மருந்துச் சிகிச்சையும் பெற்று வருபவருக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் வாருங்கள்.

வரும்போது கதிர்வீச்சு முடிந்ததும் அங்கே எழுதிக் கொடுத்த சுருக்கத் தாளை மறவாமல் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில், எத்தனை தவணை, எத்தனை கிரே, எந்தத் தேதியில் முடிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசித் தேதியைப் பார்த்தவுடன், உங்கள் தோல் இப்போது ஏற்றத்தில் இருக்கிறதா, இறக்கத்தில் இருக்கிறதா என்பதை எங்களால் சொல்ல முடியும். மறுபரிசோதனைக்குப் போகும் பயணத்திற்குப் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழைச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாளைச் சுருக்கத் தாளோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.